கூடம் கோணல்தான்

எர்ணாகுளத்தில் ஒரு ஹால். மேடையில் ஒரு மேசை, அதன்மேல் பெரிய கலர் டிவி. டிவிக்கு முன்னால், பச்சைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக நான். கையில் ஜாய்ஸ்டிக். உள்ளங்கை வேர்த்து பிளாஸ்டிக் வழுக்குகிறது.

மைக் பிடித்திருந்தவர் என் பெயரை இரண்டு முறை தப்பாகச் சொல்லிவிட்டு, மூன்றாம் முறை "மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு பெண்குட்டி" என்று முடித்துக்கொண்டார். கைதட்டல் கேட்டது. முன்வரிசையில் அப்பா. பக்கத்தில் அண்ணா ரமணி, தன் முறைக்காகக் காத்துக்கொண்டு.

டிவியில் ஆட்டத்தின் அந்த ரூம் வந்தது. இருபத்து மூன்றாவது ரூம். எனக்குக் கண்ணை மூடினால் தெரியும் ரூம். முதல் கல்லைக் கீழே தள்ள வேண்டும், பிறகு சுற்றிப் போய் இரண்டாவதை இடது பக்கம். தள்ளினேன். கல் சுவரில் போய் முட்டி நின்றுவிட்டது. எலி உள்ளே மாட்டிக்கொண்டது.

மூன்று வாய்ப்பு உண்டு. மறுபடி ஆடினேன். மறுபடி அதே இடத்தில் மாட்டிக்கொண்டது. மூன்றாம் முறை என் விரல் பட்டன்மேல் அப்படியே நின்றுவிட்டது.

"இது அந்த ரூம் இல்லை," என்றேன்.

மைக் பிடித்தவர் குனிந்து, "எந்தா மோளே?" என்று கேட்டார். நான் திரும்பவும் சொன்னேன். அவர் அதை மலையாளத்தில் மைக்கில் சொன்னார். ஹால் முழுக்கச் சிரித்தது.

சிரிப்புச் சத்தமெல்லாம் இப்போது மங்கிவிட்டது. அந்த ஹாலில் யாரோ சர்பத்துக்குப் பிழிந்துகொண்டிருந்த எலுமிச்சம்பழத்தின் வாசனை மட்டும் போகவில்லை.

தொப்பி எலி

இந்தத் தொடரில் இதுவரை மட்டாஞ்சேரியின் மிளகு மண்டிகளையும் படகுத்துறையையும் எழுதினேன். வீடியோ கேமைப் பற்றி ஒரு நடுவயதுக்காரி எழுதுவாள் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். நானும்தான்.

பஜார் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், முன்பு சுக்கு அடுக்கி வைத்திருந்த ஒரு குடோனின் முன்பக்கத்தில் நௌஷாத் இக்கா வீடியோ கேம் கடை வைத்திருந்தார். இரண்டு டிவி, நாலு ஸ்டூல். கடை திறந்து வெகுநாள் ஆகியும் சுவரில் சுக்கு நெடி போகவில்லை. மழைக்காலத்தில் தும்மிக்கொண்டே ஆடுவோம்.

இக்காவின் தம்பி கப்பலில் வேலை பார்த்தார். ஜப்பான் துறைமுகத்தில் இறங்கியபோது வாங்கி வந்த கேசட்டுகள்தான் கடையின் முதல். அதில் ஒன்றின்மேல் தொப்பி போட்ட ஓர் எலியின் படம் இருந்தது. பெயர் ஜப்பான் எழுத்தில். யாருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆகவே அது எங்களுக்குத் 'தொப்பி எலி'.

ஆட்டம் எளிது. ஒவ்வொரு ரூமிலும் சில கற்கள், ஒரு சாவி, ஒரு கதவு. எலி கல்லைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு கல்லைத் தப்பாகத் தள்ளிவிட்டால் வழி அடைந்துவிடும். அவசரக்காரர்களுக்கு அது சரிப்படாது. சுடுவது, குதிப்பதெல்லாம் பையன்களுக்குப் பிடித்தது. எனக்கு இது.

பெண்பிள்ளைகள் அந்தக் கடைக்குப் போகிற வழக்கமில்லை. அண்ணா கூட வருவதால் என்னை விட்டார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். முதலில் அவன் ஆட, நான் பின்னால் நின்று பார்ப்பேன். கொஞ்ச நாளில் அவன் மாட்டிக்கொண்டால் "நீ பாருடீ ஜெயா" என்று எழுந்து இடம் கொடுப்பான். அதற்கும் கொஞ்ச நாள் கழித்து, நான் ஆட, அவன் பின்னால் நின்றான்.

ராத்திரி சாப்பிடும்போது தட்டில் சாதத்தைக் கல்போல் பிடித்து வைத்து, விரலால் தள்ளிப் பார்ப்பேன். அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். முப்பது ரூம் வரை போனவள் மட்டாஞ்சேரியில் நான் ஒருத்திதான். இக்கா புதிதாக வருகிறவர்களிடம், "ஆ மோளோடு சோதிக்கு" என்று என்னைக் காட்டுவார். அந்தக் குழந்தையிடம் கேள் என்று. வாழ்க்கையில் என்னிடம் கேட்கச் சொல்லி யாரையாவது அனுப்பிய முதல் ஆள் அவர்தான்.

எர்ணாகுளத்தில் புதிதாகத் திறந்த ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் இந்த ஆட்டத்தில் போட்டி வைத்தது. ஜெயிப்பவருக்கு ஒரு வருடப் பயிற்சி இலவசம். கம்ப்யூட்டர் என்ற சொல்லையே ஜனங்கள் கொஞ்சம் குரல் தாழ்த்தி, மரியாதையாகச் சொன்ன காலம். மிளகுக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவால் அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்க முடியாது.

காலையில் நடந்த முதல் சுற்றில் இருபதுக்குக் கீழே உள்ள ரூம்களைக் கொடுத்தார்கள். நான் முதலில் வந்தேன். அண்ணா மூன்றாவது. மத்தியானம் இறுதிச் சுற்றில்தான் அந்த இருபத்து மூன்றாவது ரூம்.

எனக்குப் பிறகு இன்னொரு பையன் ஆடித் தோற்றான். கடைசியில் அண்ணா உட்கார்ந்தான். முதல் கல்லைக் கீழே தள்ளவில்லை, மேலே தள்ளினான். பிறகு நிற்கவே இல்லை. கதவு திறந்தது. ஹால் எழுந்து நின்று தட்டியது. நானும் தட்டினேன்.

திரும்பி வந்த படகு

மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் படகில் அப்பா நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். காயல் தண்ணீரில் டீசல் படலம் மினுங்கியது. அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

படகில் தமிழ் தெரிந்த ஒருவர் சிரித்தார். அண்ணா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். படகுத்துறை வரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வெட்கப்படக் கூடாது என்றுதான் பார்க்காமல் இருக்கிறான் என்று எண்ணிக்கொண்டேன். அதற்காக அவனிடம் எனக்கு நன்றி இருந்தது. ரொம்ப வருடம் இருந்தது.

மறுநாள் இக்கா, "சாரமில்ல மோளே, வா, ஒண்ணுகூடி களிக்கு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். போனால் போகிறது, இன்னொரு தடவை ஆடு என்றார். நான் உட்காரவில்லை. பிறகு அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. சில வருடத்தில் அவரும் கடையை விற்றுவிட்டு சௌதிக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

பயந்த சுபாவம்

ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி உண்டாகிவிட்டால் அது ரேஷன் கார்டில் ஏறியதுபோலத்தான். பிறகு யாரும் திருத்துவதில்லை. அண்ணாவுக்கு "அவன் கம்ப்யூட்டர்ல புலி." எனக்கு, "ஜெயாவுக்குக் கூட்டத்தைக் கண்டா கை நின்னுபோயிடும்."

அம்மா அதைக் கரிசனமாகச் சொல்வாள். அப்பா தீர்ப்பாகச் சொல்வார். எனக்கு இன்ஜினீயரிங் நுழைவுத்தேர்வு எழுத ஆசை. "ஹால்ல போய் உக்காந்து கை நின்னுட்டா? பி.காம் போறும்," என்றார் அப்பா. அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. என் கை நின்றதை என் கண்ணாலேயே பார்த்தவள் அல்லவா நான்?

என்னைப் பெண் பார்க்க வந்தபோது அம்மா அதையே சீர்வரிசைபோல எடுத்து வைத்தாள். "ரொம்ப பயந்த சுபாவம். நாலு பேர் முன்னால வாயைத் திறக்க மாட்டா." மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் கேசரித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோற்ற கதைக்கும் ஒரு விலை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

டிரைவிங் டெஸ்டுக்குப் போனேன். பயிற்சியில் நன்றாக ஓட்டியவள். அதிகாரி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ஹால் நினைவு வந்தது. வண்டியைக் கிளப்பாமலே இறங்கிவிட்டேன். அவர், "எந்து பற்றி?" என்றார். என்ன ஆயிற்று என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

பஜார் ரோட்டில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏலக்காயும் மிளகும் எங்கே போகின்றன, எந்த நாட்டுக்காரன் எதற்குக் குறை சொல்வான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருமுறை முதலாளி கூப்பிட்டு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் உட்கார்ந்து பேசும் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "எனக்கு ஆள்களைக் கண்டா பேச்சு வராது சார்," என்றேன். அதை எவ்வளவு தடங்கலின்றி, எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்தப் பொறுப்பு என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவருக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதர். இன்றைக்கும் சந்தேகம் என்றால் என் மேசைக்குத்தான் வருகிறார்.

இரண்டு எலிகள்

இந்த வருடம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. காக்கநாட்டில் வேலை பார்க்கும் என் மகள் நித்யா வீட்டுக்கு வந்திருந்தாள். மதியம் கட்டிலில் படுத்தபடி போனை நீட்டினாள்.

"அம்மா, நீ பறைவியே, ஒரு எலி கேம். இதாணோ?"

தொப்பி எலி. அதே மஞ்சள் தொப்பி, அதே கிறுக்கு மீசை. பழைய வீடியோ கேம்களை ஆராய்வதே தொழிலாக இருக்கும் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன் பேசிக்கொண்டிருந்தான். திரையை இரண்டாகப் பிரித்திருந்தான். இடது பக்கம் ஜப்பானில் விற்ற கேசட், வலது பக்கம் அமெரிக்காவில் விற்றது.

முதல் இருபது ரூம்கள் இரண்டிலும் ஒன்றுதான். அதற்குப் பிறகு மாற்றியிருக்கிறார்கள். சில ரூம்கள் அடியோடு வேறு. சிலவற்றில் ஒரே ஒரு கல்லை ஒரு கட்டம் தள்ளி வைத்திருக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. "பழைய வழி தெரிந்தவர்களுக்கு இதுதான் பொறி," என்று சொல்லி அந்தப் பையன் சிரித்தான்.

இருபத்து மூன்றாவது ரூம் வந்தது. இடது பக்கம் இக்காவின் கடையில் நான் ஆடியது. வலது பக்கம், எர்ணாகுளம் ஹாலில் வந்தது. இரண்டாவது கல் ஒரு கட்டம் வலப்புறம்.

நித்யாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டேன். நிறுத்திப் பார்த்தேன், ஓட்டிப் பார்த்தேன். "எந்தாம்மா, எதுக்கு அழறே?" என்று அவள் கேட்ட பிறகுதான் அழுவது தெரிந்தது.

கூடம் கோணலாகத்தான் இருந்திருக்கிறது. என் கை பயத்தில் நிற்கவில்லை. கண் பார்த்ததைத்தான் வாய் சொல்லியிருக்கிறது.

நித்யா லேப்டாப்பில் எப்படியோ அந்த அமெரிக்க ஆட்டத்தை இறக்கிக் கொடுத்தாள். உட்கார்ந்தேன். முதல் கல் கீழே போகக் கூடாது, மேலே போக வேண்டும் என்பது கொஞ்ச நேரத்திலேயே புரிந்தது. அடுப்பில் வைத்திருந்த குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

இவ்வளவுதானா? வேறு ரூம் வரும் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் போதும்.

சந்தோஷம் தாங்கவில்லை. உடனே அண்ணாவுக்குத்தான் போன் போட்டேன். அவன் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறான். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். "கேசட்டே வேற அண்ணா! ஜப்பான் கேசட் வேற, அமெரிக்கா கேசட் வேற! நான் பறஞ்சேனே, அந்த ரூம் இல்லைன்னு பறஞ்சேனே!"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

பிறகு அவன் கேட்டான்: "உனக்கு இப்போதான் தெரியுமா?"

அண்ணா சொன்னது

அண்ணாவுடன் படித்த ஜோஜி என்ற பையனின் வீடு எர்ணாகுளத்தில். அவன் வீட்டில் தொப்பி எலியின் அமெரிக்க கேசட் இருந்தது. போட்டிக்குக் கேசட் கொடுத்ததே அவன் அப்பாதான். அதனால் ஜோஜி போட்டியில் சேரக் கூடாது. அண்ணா சேரலாம்.

போட்டிக்கு முன்னால் சில வாரங்கள் அண்ணா சேர்ந்து படிக்கப் போவதாகச் சொல்லிப் படகேறிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பரீட்சை நெருங்குகிறது என்று அம்மா அவனுக்குத் தனியாக வெண்ணெய் எடுத்து வைத்தாள். அவன் போனது ஜோஜி வீட்டு டிவியின் முன்னால் உட்கார.

"உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன் ஜெயா. அப்பாகிட்ட கேட்டேன். அப்பாதான் வேண்டாம்னா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்போ நாமெல்லாம் சின்னக் குழந்தைகள். அப்பா சொன்னா கேக்கறதுதானே? விடு. ஒரு கேம்தானே."

அந்த ஒரு கேமில்தான் அவனுக்குப் பயிற்சி கிடைத்தது. அதிலிருந்து முதல் வேலை, அதிலிருந்து பெங்களூர். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"அன்னிக்கு சின்னக் குழந்தை. சரி. என் கல்யாணத்தன்னிக்கு உனக்கு என்ன வயசு?"

"குக்கர் சத்தம் கேக்கறது, போய்ப் பாரு," என்று வைத்துவிட்டான். குக்கரை நான் எப்போதோ இறக்கி வைத்துவிட்டேன்.

அப்பா

அப்பா என்னோடுதான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். காது கொஞ்சம் மந்தம், புத்தி தெளிவு. காலையில் மலையாளப் பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிப்பார்.

மறுநாள் காலை காப்பியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்பா, எர்ணாகுளத்துல அந்தப் போட்டி. கேசட் வேறங்கறது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

அவர் பேப்பரை இறக்கினார். மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. "ரமணி வந்து பறஞ்சான். உன்கிட்ட சொல்லாண்டு இருக்கச் சொன்னது நான்தான்."

"ஏன்ப்பா?"

"உன்கிட்ட சொன்னா நீதான் ஜெயிப்பே. அவன் உன் அளவு ஆட மாட்டான்னு எனக்குத் தெரியாதா?"

வாழ்நாளில் அப்பா என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

"ஜெயிச்சா என்ன? தினமும் உன்னைப் படகுல எர்ணாகுளத்துக்கு யார் கொண்டு விடறது? நீ இன்னொரு ஆத்துக்குப் போறவ. அவனுக்கு ஒரு வழி வேணுமே. இருந்தது ஒண்ணு. அவனுக்கு ஆச்சு."

"அப்போ நான் பயந்தவ, கை நின்னுபோயிடும்னு ஊர் முழுக்க எதுக்குப் பறஞ்சேள்?"

அப்பாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ பயந்தேதானே? நான் முன்வரிசைல உக்காந்து பார்த்தேனே. உன் கை அப்படியே நின்னுதே."

பொய் சொல்லவில்லை அவர். அதுதான் எனக்கு ஆறவில்லை. கல்லை நகர்த்தி வைத்தது தெரியும், தெரிந்துகொண்டே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் நான் முட்டிக்கொண்டதைப் பார்த்து, இவள் இப்படித்தான் என்று முழு மனதோடு நம்பியிருக்கிறார். இத்தனை வருடம் நம்பியிருக்கிறார். இப்போதும் நம்புகிறார்.

"நான் பயப்படலை அப்பா," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"செரி," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "காப்பி ஆறிப் போச்சு. கொஞ்சம் சுட வை."

சுட வைத்துக் கொடுத்தேன். மாத்திரையும் எடுத்து வைத்தேன். எண்பது வயசுக்காரரிடம் கோபப்படுவதென்றால், அவருடைய வெந்நீருக்கும் கஞ்சிக்கும் நடுவில் நேரம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆபீஸில் ஒருநாள் முதலாளியின் அறை வரை போனேன். அந்தப் பழைய பொறுப்பை இப்போது கேட்டால் என்ன என்று. அவர் நாற்காலியில் இப்போது அவருடைய மகன். "சேச்சி, நெக்ஸ்ட் இயர் நிங்ஙள் ரிட்டயர் அல்லே?" என்று அன்பாகக் கேட்டார். அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. ஆமாம் என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன ஃபைலில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு வேண்டுகோள்

போன வாரம் அண்ணா தானாகவே கூப்பிட்டான். அப்பாவின் உடம்பை விசாரித்தான். நித்யாவை விசாரித்தான். பெங்களூர் மழையைச் சொன்னான். பிறகு விஷயத்துக்கு வந்தான்.

"ஜெயா, நீ ஏதோ பத்திரிகைல வாராவாரம் எழுதறியாமே. இதை அதுல எழுதாதே. அப்பாவை நாலு பேர் தப்பா நினைப்பா. வெறுதே எதுக்கு?"

"அப்பாவையா, உன்னையா?" என்று கேட்டேன்.

"எழுத மாட்டேன்னு சொல்லு," என்றான். நான் சொல்லவில்லை. தெருவில் மீன்காரர் வந்திருக்கிறார், பூனைகள் கத்துகின்றன என்று ஏதோ சொல்லிப் போனை வைத்தேன்.

அண்ணாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. பள்ளியில் எங்கள் இருவருக்குமே மலையாளம்தான். எனக்கு அம்மா வாங்கிய வாரப்பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் தமிழ் வந்தது. அவனுக்கு அதற்கெல்லாம் நேரமிருக்கவில்லை, கம்ப்யூட்டர் கிளாஸ் இருந்தது. அவன் மனைவி, என் மன்னி, கும்பகோணத்துக்காரி. இந்தப் பத்திரிகை வந்ததும் சமையலறையில் நின்றபடியே பிரித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். மட்டாஞ்சேரி பற்றி வந்தால் அவனுக்கு வாசித்தும் காட்டுவாள்.

மன்னி, இந்த வாரத்தையும் வாசித்துக் காட்டுங்கள். நிதானமாக, ஒரு வரி விடாமல். நடுவில் அவன் போதும் என்பான். நிறுத்தாதீர்கள்.